இரண்டாவது தடவை பார்த்த டிகிரி

கண்ணு,

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும். வராமல் போய்விடுமோ என்று எழுத உட்காரும்போதே விரல் விட்டு நாளை எண்ணுகிறேன். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று விசாரிப்பதையெல்லாம் இந்த ஒரு தடவை தள்ளி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒரு பேச்சுச் சொன்னேனே, "அவரு சொல்றத போட்டுட்டு வாடா" என்று, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். நீ ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு "சரிம்மா" என்றாய். அந்தச் "சரிம்மா" ரெண்டு நாளாக என்னைச் சோறு தின்ன விடவில்லை.

மறுபடி போன் போட்டே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போட்டேன். உன் ஹாஸ்டலில் யாரோ ஒரு பையன் எடுத்து, நீ லேபில் இருப்பதாக இந்தியிலோ கன்னடத்திலோ சொல்லி வைத்துவிட்டான். அதுவும் போகட்டும். நம்ம ஊர் எஸ்.டி.டி. பூத் யாருடையது? பால் சங்கத் தலைவியம்மாவின் மருமகனுடையது. கண்ணாடிக் கதவு சரியாக மூடுவதில்லை. நான் உள்ளே இருமினால் வெளியே நிற்பவன் மருந்து சொல்வான். நான் சொல்ல வேண்டிய சங்கதியில் அந்த அம்மாளும் இருக்கிறார். அதனால்தான் காகிதம். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்த காலம் முடிந்தது.

முதலில், உன் விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். பத்தாவது படித்த பால் டெஸ்டர் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிரிக்காதே. போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, அடுப்பங்கரையில் கரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அன்றைக்கு நான்தான் கேட்டேன்: "நாலு வருஷமா அங்க இன்னாதான்டா பண்ற? யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

"வெளிச்சத்த அளக்கிறேம்மா. அது சாதாரண வெளிச்சத்துலேர்ந்து எவ்ளோ தள்ளி கீதுன்னு பாக்கறேன்" என்றாய்.

உன் அப்பா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "டார்ச் லைட்டு வேற, டியூப் லைட்டு வேற, இது எனக்கே தெரியும். இதுக்குப் போயி பெங்களூரு வரைக்கும் போவணுமா நைனா?"

நீ கோபப்படவில்லை. டார்ச் லைட், டியூப் லைட், சூரியன், லேசர் எல்லாமே ஒரு ஜாதிதான் என்றாய். வெளிச்சம் துளித்துளியாக வருகிறது. இந்தச் சாதாரண வெளிச்சங்களில் துளிகள் ஓட்டுக்கூரையில் மழை விழுகிற மாதிரி ஒழுங்கில்லாமல்தான் விழும். ஆனால் இந்த வெளிச்சங்களை என்ன விகிதத்தில் கலந்தாலும் கிடைக்காத ஒரு வெளிச்சத்தை லேபில் உண்டாக்கலாம், கேட்டால் ஒரே ஒரு துளியை மட்டும் தனியாக அனுப்பலாம் என்றாய். அதைப் படம் போட்டால் நடுவில் குழி விழுந்த மேடு போல வரும், அந்தக் குழியின் அடி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் அது சாதாரண வெளிச்சம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லலாம் என்று அரிசி மாவில் விரலால் வரைந்து காட்டினாய். குழி எவ்வளவு ஆழமோ, அதைத் தூர்க்க அவ்வளவு இரைச்சலை, அதாவது தாறுமாறான ஆட்டத்தை, கலக்க வேண்டும்; எவ்வளவு கலந்தால் அது சாதாரணமாகிவிடும் என்பதுதான் அளவு என்றாய்.

நான் உடனே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "பாலுல எவ்ளோ தண்ணி ஊத்துனா பாலு பாலா இல்லாம போவுங்கற மாதிரியா?" நீ கரும்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "எங்க கைடுகூட இவ்ளோ சுருக்கா சொன்னதில்லம்மா." எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அன்று பொங்கலில் உப்புப் போட்டேனா வெல்லம் போட்டேனா என்றே தெரியவில்லை. ஒரே ஒரு அளவுகோலை நம்ப முடியாது, ஒன்றில் சாதாரணமாகத் தெரிவது இன்னொன்றில் அப்படித் தெரியாது என்று நீ சொன்னபோதும் எனக்குப் புரிந்தது. தண்ணீர் ஊற்றின பாலில் சர்க்கரையைப் போட்டால், அதில் மிதக்கவிட்டுப் பார்க்கிற லேக்டோமீட்டர் நல்ல டிகிரியே காட்டும். அதை மட்டும் பார்த்துச் சான்று கொடுக்கிறவள் டெஸ்டரே இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ சொன்னது இதுதானே? வெளிச்சம் உன் கருவிக்கு வந்து சேர்வதற்குள் கண்ணாடியிலும் லென்ஸிலும் கொஞ்சம் தொலைந்துபோகிறது. கருவியும் வருகிற துளிகளில் கொஞ்சத்தைத் தவறவிடுகிறது. தொலைந்ததனால் குழி தூர்ந்து காட்டுகிறது. எவ்வளவு தொலைகிறது என்று தெரிந்தால் கணக்குப் போட்டு, தொலையாமல் இருந்தால் குழி எவ்வளவு ஆழம் என்று சொல்லலாம். அதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் கருவி எவ்வளவு தவறவிடுகிறது என்பதற்கு ரெண்டு விடை இருக்கிறது. பெட்டியோடு வந்த கம்பெனிக் காகிதத்தில் நிறைய தவறவிடும் என்று போட்டிருக்கிறது. நீ உன் கையால் அளந்ததில் அவ்வளவு தவறவிடவில்லை. காகிதத்து எண்ணைப் போட்டால் குழி பூஜ்யத்துக்குக் கீழே ஜம்மென்று இறங்குகிறது. நீ அளந்ததைப் போட்டால் பூஜ்யத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, ஒன்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு வாட்டி அளந்தேம்மா. நம்பிக்கை இல்லாம மூணாவது வாட்டியும் அளந்தேன். அதேதான் வருது" என்றாய். "கைடு இன்னா சொல்றாரு?" என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் உன்னைவிட நல்லா அளந்திருப்பான், காகிதத்துல கீறத போடு, வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால பேசு, அடுத்த மாசம் தீசிஸ் குடுன்னு சொல்றாரு. இல்லேன்னா முதல்லேர்ந்து எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். உதவித்தொகை ரெண்டு மாசத்துல முடியுதும்மா."

அப்போதுதான் நான் அந்தப் பேச்சைப் பேசினேன். யோசித்துப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். பயத்தில் வாயில் வந்தது. "அவரு பெரியவருடா. அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடப் போவுது? வாய மூடிக்கினு அவரு சொல்றத போட்டுட்டு பட்டத்த வாங்கிக்கினு வா." பூத்துக்கு வெளியே நாலு பேர் நிற்கிறார்கள். உன் படிப்பு கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போகப்போகிறதே என்கிற ஒரே நினைப்பு. நீ "சரிம்மா" என்றாய். நான் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏரிக்கரை வரைக்கும் நடந்து வந்தபிறகுதான், இதே பயத்தை முன்பு ஒரு தடவை பட்டிருக்கிறேனே என்று உறைத்தது. கால் நின்றுவிட்டது.

உனக்குக் கன்னியம்மாவைத் தெரியும். ஏரிக்கரை இருளர் குடியிருப்பு, சங்கத்துக் கட்டடத்துக்குப் பின்னாலேயே அவள் வீடு. நீ எட்டாவது படித்த வருஷம், அந்தக் குடியிருப்பில் ரெண்டு மூன்று பேருக்கு அரசாங்கத் திட்டத்தில் கறவை மாடு கொடுத்தார்கள். கன்னியம்மாவுக்கு ஒரு சிவப்பு மாடு வந்தது. அதை அவள் குளிப்பாட்டி வைத்திருந்த அழகைப் பார்க்க வேண்டுமே. சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. தலைவியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அவங்க பாலும் நம்ம பாலும் ஒரே கேன்லயா? நாளைக்கு நாலு பேரு பாலு ஊத்தறதையே நிறுத்திட்டா இன்னா பண்றது?" என்று என்னிடம்தான் கேட்டார். முடியாது என்று வெளியே சொல்ல முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டாம், கன்னியம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து ஊற்றிவிட்டுப் போய்விடட்டும்.

நானும் யோக்கியம் இல்லை. முதல் நாள் அவள் பால் தூக்கை நீட்டியபோது கையில் வாங்காமல் "கீழ வெய்யி" என்றவள் உன் அம்மாதான். இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

இப்போது நீயே யோசித்துப் பார், உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் கறந்து, வீட்டில் காபிக்கு எடுத்து வைத்து, தெரு முழுக்க நடந்து, வரிசையில் நின்று ஊற்றுகிறார்கள். அதற்குள் பால் ஆறிவிடுகிறது. கன்னியம்மா கறந்த கையோடு, பொங்கின நுரையோடு, வெதுவெதுவென்று கொண்டுவருகிறாள். சூடான பாலிலும் நுரை அடங்காத பாலிலும் லேக்டோமீட்டர் கீழே இறங்கித்தான் நிற்கும், டிகிரி குறைத்துத்தான் காட்டும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துச் சூட்டுக்குத் தக்கபடி டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் எங்களுக்கு நடந்த பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் சங்கத்துத் தெர்மாமீட்டர் முதல் மாசமே உடைந்துபோனது, வேறு வாங்கவில்லை. மற்றவர்கள் பால் ஆறியே வந்ததால் அது இல்லாதது யாருக்கும் உறைக்கவில்லை. வரிசை, பாலெடுக்க வரும் வேன், அவசரம். ஜாடியில் ஊற்று, மிதக்கவிடு, எழுது, அடுத்த ஆள். எனக்கும் பழகிவிட்டது.

கன்னியம்மா பால் இருபத்துநாலு காட்டியது. எங்கள் சங்கத்தில் இருபத்தாறுக்குக் குறைந்தால் தண்ணீர் என்று பொருள். முதல் நாள் எழுதினேன். ரெண்டாம் நாள் இருபத்துமூன்றரை. ஊரெல்லாம் பேச்சு. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் தலைவியம்மா. கன்னியம்மா என்னிடம் வந்து, "யம்மா, மாட்டு மேல சத்தியமா ஒரு சொட்டு தண்ணி ஊத்தலம்மா" என்றாள். "மெசின் சொல்லுது, நான் இன்னா பண்ணட்டும்?" என்றேன். அதுவரைக்கும் நான் நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். அது வரை தப்பு. அதற்கப்புறம் நடந்தது தப்பு இல்லை, பாவம்.

மூன்றாம் தடவை குறைந்தால் பாலை வாங்கக் கூடாது, பேரை அடித்துவிடலாம். அந்த மூன்றாம் நாள் காலையில் அவள் வந்தாள். இருபத்துநாலு. எழுதினேன். தலைவியம்மா அன்று சீக்கிரமே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், இதைப் பார்க்கத்தான். "அவள வெளிய நிக்கச் சொல்லு, வேன் போனப்புறம் பேசிக்கலாம்" என்றார். கன்னியம்மா பால் தூக்கோடு வெளியே ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவள் பால் ஊற்றின ஜாடியை லேக்டோமீட்டரோடு அப்படியே அலமாரி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, வேறு ஜாடியும் இன்னொரு லேக்டோமீட்டரும் எடுத்து மற்றவர்கள் பாலைப் பார்த்தேன். வரிசை முடிய முக்கால் மணி ஆனது. அப்புறம் ஜாடிகளைக் கழுவலாம் என்று அதைக் கையில் எடுத்தால், உள்ளே லேக்டோமீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. இருபத்தெட்டு.

கண்ணை நம்பாமல் எடுத்துத் துடைத்து மறுபடி மிதக்கவிட்டேன். இருபத்தெட்டு. நல்ல பால். சங்கத்தில் அன்றைக்கு வந்த பாலிலேயே நல்ல பால். பயிற்சியில் எழுதின நோட்டு அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. அவளைத் தனியாக, முன்னாடியே வரச் சொன்னோமே, அதனால்தான் அவள் பால் சூடாக வந்தது, அதனால்தான் குறைந்தது. ஒரே நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னாமா அது, இன்னும் கழுவலயா?" என்றார் தலைவியம்மா.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ரெண்டே ரெண்டு வார்த்தை. உன் அப்பா அந்த வருஷம் லாரியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக் கிடந்தார். என் வேலை நிரந்தரமாகவில்லை, தலைவியம்மா கையெழுத்துப் போட்டால்தான் ஆகும். உன்னை உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் சேர்த்து அரை வருஷம்தான் ஆகியிருந்தது. இதையெல்லாம் நான் சப்பைக்கட்டு கட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன் தலைக்குள்ளும் இப்போது அதேதான் ஓடிக்கொண்டிருக்கும். ஜாடிப் பாலைச் சாக்கடையில் கொட்டினேன். கழுவிக் கவிழ்த்தேன். வெளியே போய், "எடுத்துக்கினு போ கன்னிம்மா, இனிமே ஊத்த வேணாம்" என்றேன். அவள் போனாள்.

பால் போகாத மாடு அந்த வீட்டில் எத்தனை நாள் நிற்கும்? மாடு கைமாறியது. அவர்கள் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனார்கள். அவள் பெண் மல்லிகா உன்னோடு எட்டாவதில் இருந்தாளே, அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு நின்றது. அதற்கு முன்னால் நடந்த ஒன்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "கன்னியம்மா ஏம்மா இப்பல்லாம் பாலு ஊத்தறதில்ல?" என்று நீ கேட்டாய். "தண்ணி ஊத்துனா, நிறுத்திட்டோம்" என்று உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "மல்லிகாவாண்ட சொன்னேம்மா, ஒங்கம்மா பாலுல தண்ணி ஊத்தறாங்களாமேன்னு. அவ அழுதுட்டா" என்றாய். நான் உன்னை அதட்டவும் இல்லை, அது பொய் என்று சொல்லவும் இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு "சாப்புடு" என்றேன். என் பொய்யை உன் வாயால் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வைத்தேன். உனக்குப் பதின்மூன்று வயசு, உனக்கு என்ன தெரியும். அது என் மேல் இருக்கிறது, உன் மேல் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. என் கைக்காசில் தெர்மாமீட்டர் வாங்கினேன். அன்றிலிருந்து இன்று வரை ஒரு ஜாடியையும் ஆறவிடாமல் பார்த்ததில்லை. "அந்தம்மாவாண்ட ஏமாத்த முடியாதுப்பா, அவ்ளோ கறாரு" என்று ஊரே சொல்கிறது. போன வருஷம் சால்வை போட்டார்களே, நீகூட பெங்களூரிலிருந்து வாழ்த்தி அட்டை அனுப்பினாயே, அந்தக் கறார் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? சால்வை பெட்டியில் கிடக்கிறது. ஒரு நாளும் போர்த்தவில்லை. உன் அப்பா கேட்டால் கம்பளி அரிக்கிறது என்பேன்.

நேற்று திங்கட்கிழமை, காலைப் பால் முடிந்ததும் நான் கன்னியம்மாவைத் தேடிப் போனேன். அவர்கள் சூளையிலிருந்து திரும்பி வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமாக எதிரே வந்தால் நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். திருப்புலிவனம் போகிற வழியில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பிலேயே நின்றால் பேசாமல் திரும்பிவிடுவேன் என்று தெரியும், அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குள் இறங்கி அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?" என்றாள்.

"ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும் கன்னிம்மா."

"சொல்லு." கை நிற்கவில்லை, களைக்கொட்டு போய்க்கொண்டே இருந்தது.

"அன்னிக்கு ஒம் பாலுல தண்ணி இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? நாந்தானே கறந்தேன்" என்றாள்.

ஆறவிட்டுப் பார்க்கவில்லை, சூட்டில் குறைத்துக் காட்டியது, அப்புறம்தான் எனக்கே தெரிந்தது என்று என்னென்னவோ உளறினேன். அவள் களைக்கொட்டைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது வாட்டி அந்தக் கண்ணாடிக் குழாய எடுத்துத் தொடச்சி விட்டுப் பாத்தியே, நானு ஜன்னலாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். ஒம் மொகம் மாறிச்சி. சரி, இப்ப கூப்புடுவான்னு பாலு தூக்கக் கையில எடுத்துக்கினேன். நீ கொட்டிட்டே."

பதின்மூன்று வருஷமாக இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கண்ணு. அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நான் எதிரே வரும்போதெல்லாம் ஒதுங்கி வழி விட்டிருக்கிறாள். நான் அந்தக் கொல்லையிலேயே உட்கார்ந்து அழுதேன். என்னை மன்னித்துவிடு என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"மன்னிப்பு இன்னாத்துக்கும்மா இப்ப? மாடு போச்சி, அது வுடு. நீ போயி மல்லிகாவாண்ட சொல்லு. அவ இன்னும் என்னத்தான் கேக்கறா. ரெண்டு புள்ள பெத்துட்டா, இன்னும் கேக்கறா. எம்மா, நெஜமாவே நீ ஊத்துனியாம்மான்னு. இல்லடின்னா நம்ப மாட்டேங்கறா. மெசின் பொய் சொல்லுமான்றா."

அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு அடுத்த சாலுக்குப் போய்விட்டாள். மல்லிகாவைக் காவாந்தண்டலத்தில் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறப் போகிறேன். அவள் கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். உன் பேரையும் சொல்வேன். அன்றைக்கு என் பிள்ளை உன்னிடம் சொன்னது பொய், அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்று சொல்வேன். அதற்கப்புறம் தலைவியம்மாவிடமும் போக வேண்டும். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வேலை போனாலும் போகலாம். உன் அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். முதல் தடவையாக அவருக்குக் கிண்டல் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. "பையனாண்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

உன் கைடு கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் சரியாகவே அளந்திருக்கலாம், நீ எங்கேயோ கோட்டை விட்டிருக்கலாம். அப்படியானால் அதையும் கண்டுபிடி, யாரையாவது கூட வைத்துக்கொண்டு நாலாவது தடவையும் அள. ஆனால் உனக்குப் பிடித்த எண் காகிதத்தில் இருக்கிறது என்பதற்காக, உன் கையால் மூன்று தடவை அளந்ததைக் கழுவிக் கவிழ்த்துவிடாதே. அந்தக் குழி பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா இல்லையா என்று உன்னால் அடித்துச் சொல்ல முடியாவிட்டால், சொல்ல முடியவில்லை என்று சொல். அதற்கு ரெண்டு வருஷம் ஆகட்டும். பட்டம் கிடைக்காமலே போனாலும் வீட்டுக்கு வா. ஊரில் கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

இப்படித் தைரியமாக எழுதிவிட்டேனே தவிர, எனக்குத் தைரியம் இல்லை. நீ இதைப் படித்துவிட்டு அந்தக் கமிட்டி முன்னால் எழுந்து நின்றால் அவர்கள் உன்னை என்ன செய்வார்களோ என்று நினைத்தாலே எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்த பயத்தைவிட இப்போது அதிகமாகப் பயப்படுகிறேன். ஆனால் அன்று இந்தப் பயம்தான் என் வாயை அடைத்தது, ஞாயிற்றுக்கிழமை இதே பயம்தான் என் வாயில் புகுந்து உன்னிடம் பேசியது. நீ ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாயே, அந்த ஒரு நிமிஷம் நீ என்னைத்தான் எதிர்பார்த்து நின்றாய் என்று இப்போது தெரிகிறது. அம்மா கூப்பிடுவாள் என்று நின்றாய். நான் கொட்டிவிட்டேன்.

இப்போது கூப்பிடுகிறேன், கண்ணு. நீ அளந்ததைச் சொல்லிவிடு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடு.

உன்
அம்மா